‘பம்ப் போய்ட்டுது’ என்று முடிவெடுக்க முன்: மன்னாரில் மினி பெக்கோவின் ஹைட்ரோலிக் கோளாறுகளைக் கண்டறிதல்

மாரி தொடங்கிவிட்டால் மன்னார் தீவில் மினி பெக்கோவுக்கு ஓய்வில்லை. தாழ்ந்த குடியிருப்புகளில் தேங்கிய வெள்ளத்தை வெட்டிவிடவும், தூர்ந்துபோன வாய்க்காலைத் திறக்கவும் முதலில் தேடப்படுவது அதுதான். மற்றைய மாதங்களிலும் வேலை குறைவதில்லை. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் பெரிய இயந்திரம் திரும்ப முடியாத ஒழுங்கைகளுக்குள் மலசலகூடக் குழி, மதில் அத்திவாரம், நீர்க்குழாய் பதிக்கும் கான் என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சின்ன இயந்திரமே போகிறது. பெருநிலப்பரப்பில் அடம்பன், நானாட்டான், முசலிப் பக்கங்களில் வயல் வாய்க்கால்களும் தோட்டக் கிணறுகளும் இதை நம்பியிருக்கின்றன.

ஒரு நாள் அதன் கை மெதுவாகத் தூக்குகிறது. அல்லது காலையில் நன்றாக வேலை செய்துவிட்டு மதியத்துக்குப் பிறகு சோர்ந்துபோகிறது. கராஜுக்குச் சொன்னால் பெரும்பாலும் வரும் முதல் பதில், “பம்ப் போய்ட்டுது” என்பதுதான்.

ஹைட்ரோலிக் பம்ப் இந்த இயந்திரத்தின் மிக விலைகூடிய பாகங்களில் ஒன்று. 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்த பிறகு இறக்குமதி உதிரிப்பாகங்கள் சின்ன முதலாளிகளின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போயின. லீசிங் தவணை கட்டிக்கொண்டு ஒரே ஒரு இயந்திரத்தை வைத்து வீடு நடத்துபவர், கடன் வாங்கிப் பம்பை மாற்றிய பிறகும் அதே கோளாறு இருந்தால் இயந்திரத்தையே இழக்கலாம். உண்மையான காரணம் அடைபட்ட ஒரு வடியாகவோ, காற்று இழுக்கும் ஒரு ரப்பர் குழாயாகவோ இருந்திருக்கக்கூடும். ஆகவே கோளாறு தேடுவதற்கு ஒரு வரிசை வேண்டும். காசு செலவாகாத பரிசோதனை முதலில், மலிவான பாகம் அடுத்தது, பம்ப் கடைசியில். அதையும் அளந்து பார்த்த பிறகுதான் குற்றம் சொல்ல வேண்டும்.

இயந்திரத்துக்குள் நடப்பது என்ன

எஞ்சின் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் தாங்கியிலிருந்து ஒயிலை இழுத்துக் கட்டுப்பாட்டு வால்வுத் தொகுதிக்குத் தள்ளுகிறது. சாரதி நெம்பை அசைக்கும்போது அந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஸ்பூல் எனப்படும் உருளைக் கம்பி நகர்ந்து, ஒயிலை உரிய சிலிண்டருக்கோ மோட்டாருக்கோ திருப்பிவிடுகிறது. பூம், ஆர்ம், பக்கெற் ஆகியவை சிலிண்டர்களால் இயங்குகின்றன. மேல்பகுதி சுழல்வதும் செயின் ஓடுவதும் ஹைட்ரோலிக் மோட்டார்களால். வேலை முடிந்த ஒயில் குளிரூட்டி, வடி ஆகியவற்றின் வழியாகத் தாங்கிக்குத் திரும்புகிறது.

பம்ப் தருவது ஒயில் ஓட்டத்தை. அந்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு வரும்போதே அழுத்தம் உருவாகிறது. அழுத்தம் அளவு மீறினால் ஒயிலைத் தாங்கிக்குத் திருப்பிவிடும் காவலாளிதான் ரிலீஃப் வால்வு. ஆகவே இயந்திரம் மெதுவாக இயங்கினால் ஓட்டம் குறைந்திருக்கலாம். வேகமாக அசைந்தும் மண்ணைத் தூக்கச் சக்தியில்லை என்றால் அழுத்தம் குறைந்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

மினி பெக்கோக்களில் பிரதான அழுத்தம் பொதுவாக 200 முதல் 250 பார் வரை இருக்கும். காரின் ரயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார் மட்டுமே. நெம்புகள் நேரடியாகக் கம்பியால் ஸ்பூலைத் தள்ளாத இயந்திரங்களில், ஸ்பூலை நகர்த்துவதற்கென்று 30 முதல் 40 பார் வரையான தனி ‘பைலட்’ அழுத்தமும் உண்டு.

கை வைக்க முன்

இந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஒரு சின்னப் புள்ளி. ஆரம்பத்தில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ அகற்றவேண்டி வரலாம். ஆகவே கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஒரு காட்போர்ட் துண்டை அல்லது பலகையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஒயில் தோலுக்குள் போனதென்று சந்தேகம் வந்தால், காயம் சின்னது என்று வீட்டில் இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். “அதிக அழுத்தத்தில் ஒயில் உள்ளே போய்விட்டது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்குத் தாமதிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கைக்கு ஆபத்து.

குழாயைக் கழற்ற முன் பூமையும் பக்கெற்றையும் பிளேட்டையும் நிலத்தில் பதித்து வையுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை மீண்டும் ‘ஒன்’ நிலைக்குத் திருப்பி, பூட்டு நெம்பை வேலை நிலையில் வைத்து, எல்லா நெம்புகளையும் எல்லாத் திசைகளிலும் பல தடவை அசையுங்கள். பின்னர் தாங்கி மூடியை மெல்லத் திறந்து உள்ளழுத்தத்தை விடுங்கள். தூக்கிய பூமுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. அதைத் தாங்கி நிற்பது ஒரு ரப்பர் சீலாக மட்டுமே இருக்கலாம்.

முதல் அரை மணித்தியாலம்

ஆவிகள் இல்லாத இயந்திரம் இது. எதுவுமே அசையவில்லை என்றால் முதலில் சாரதியின் இடதுபக்கப் பூட்டு நெம்பைப் பாருங்கள். அது கீழே இறங்கும்போது ஒரு சின்ன மின்சுவிட்ச் அழுத்தப்பட்டு, சொலினாய்டு வால்வு ‘டிக்’ என்று திறந்தால்தான் பைலட் ஒயில் போகும். சத்தம் இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர் இணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். கடற்காற்றில் பச்சை பூத்த ஒரு வயர் முனை முழு இயந்திரத்தையும் நிறுத்திவிடும்.

அடுத்தது ஒயில் மட்டம். சமதரையில், கைநூல் அல்லது தாங்கியில் ஒட்டிய படம் காட்டும் நிலையில் பூமையும் பக்கெற்றையும் வைத்து, எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும். சிலிண்டர்கள் நீண்டிருந்தால் ஒயில் அவற்றுக்குள் இருக்கும். தாங்கியில் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால், சிலிண்டர்கள் சுருங்கும்போது ஒயில் பொங்கி வெளியேறும்.

மூன்றாவது ஒயிலின் நிறமும் மணமும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து இரவு முழுவதும் வையுங்கள். பிரியும் தண்ணீர் அடியில் நிற்கும். கறுத்துக் கருகல் மணம் வந்தால் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்கிறது. நுரை பொங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது.

காற்று இழுக்கும் இடம் வெளியே ஒயில் சிந்தாததால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலான குழாயில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான் இருக்கிறது. கல் அரைப்பது போலப் பம்ப் இரைந்தால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சுழலும் பாகங்களுக்குக் கை போகாதபடி, அந்தக் குழாயின் இணைப்புகளில் கிறீஸைத் தடவுங்கள். ஓர் இடத்தில் தடவியதும் இரைச்சல் மாறினால் துளை அங்கேதான். இரைச்சல் மாறாவிட்டால் தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சல் வடியைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு கோளாறுகளும் பம்ப் கெட்டதைப் போலவே நடிக்கும். திருத்தாமல் ஓட்டினால் உண்மையிலேயே பம்பைக் கெடுக்கும்.

நான்காவது எஞ்சின். காற்று வடி மணலால் அடைபட்டோ டீசல் வடி அழுக்காகியோ இருந்தால் எஞ்சின் சுமை தாங்காது. பழி ஹைட்ரோலிக் மீது விழும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒயில் சூடான பிறகு, எஞ்சினை முழு வேகத்தில் வைத்து, பக்கெற்றை முழுவதும் சுருட்டி முடித்த நிலையில் நெம்பை மூன்று நான்கு விநாடிகள் மட்டும் பிடியுங்கள். சத்தம் சற்று இறங்கி நின்றால் பம்ப் அழுத்தம் தருகிறது, எஞ்சினும் தாங்குகிறது. எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கப் பார்த்தால் முதலில் டீசலையும் காற்றையும் கவனியுங்கள். எஞ்சின் எந்தச் சுமையையும் உணராமல் ஓடினால் அழுத்தம் எங்கோ வடிகிறது.

எல்லாமா, சிலவா, ஒன்று மட்டுமா

கோளாறைக் குறுக்கிப் பிடிக்கும் கேள்வி இதுதான். ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகச் செய்து, எத்தனை விநாடி எடுக்கிறது என்று தாளில் எழுதுங்கள். இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே இப்படி ஒருதடவை எழுதி வைத்திருந்தால் ஒப்பிடுவது சுலபம்.

எல்லா அசைவுகளும் மெதுவானால் காரணம் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: ஒயில் மட்டம், பொருந்தாத ஒயில், உறிஞ்சல் வடி, பைலட் அழுத்தம், எஞ்சின், கடைசியாகப் பம்ப்.

சில அசைவுகள் மட்டும் சேர்ந்து பலவீனமானால் பம்புகளின் பங்கீட்டைப் பாருங்கள். பல மினி பெக்கோக்களில் இரண்டு பிரதான பம்புகளும், சுழற்சிக்கும் பிளேட்டுக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு. எந்தப் பம்ப் எதை இயக்குகிறது என்பது மொடலுக்கு மொடல் மாறும்; கைநூலில் வரைபடம் இருக்கும். பலவீனமான அசைவுகள் எல்லாம் ஒரே பம்பைச் சேர்ந்தவையானால் அந்தப் பம்பையும் அதற்குரிய ரிலீஃப் வால்வையும் சந்தேகிக்கலாம்.

ஒன்று மட்டும் பலவீனமானால் பம்பை விட்டுவிடுங்கள். அந்த அசைவுக்குரிய ஸ்பூல், அதன் துணை ரிலீஃப் வால்வு, சிலிண்டர் சீல், குழாய் ஆகியவற்றில்தான் கோளாறு. ஒரே அளவுக்கு அமைக்கப்பட்ட இரண்டு துணை ரிலீஃப் வால்வுகளை இடம்மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் வால்வோடு இடம் மாறினால் குற்றவாளி கையில்.

ஒரு பக்கச் செயின் மட்டும் பின்தங்கி, இயந்திரம் ஒரு பக்கமாக இழுத்தால், முதலில் உருளைகளில் இறுகிய மணலையும் செயினின் இறுக்கத்தையும் பாருங்கள். பிறகு பூமை நிலத்தில் ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயின் மூன்று சுற்றுச் சுற்றும் நேரத்தை அளந்து, மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் உறுதியானால் இரு பக்க மோட்டார்களுக்கும் போகும் குழாய்களை, அழுத்தத்தை விடுவித்த பிறகு, ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டலாம். கோளாறு மறுபக்கத்துக்குத் தாவினால் அது வால்வு அல்லது பம்பின் பக்கம். இருந்த இடத்திலேயே நின்றால், மாற்றிய இடத்துக்கு அப்பால் மோட்டார் பக்கம். ஒரு பாகமும் வாங்காமல் கிடைக்கும் தீர்ப்பு இது.

தானாக இறங்கும் பூம்

பக்கெற்றில் மண்ணை நிரப்பி, பூமைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, சிலிண்டர் கம்பியில் ஓர் அடையாளம் இடுங்கள். பத்து நிமிடங்களில் எவ்வளவு இறங்குகிறது என்று தள்ளி நின்று அளவுங்கள். சிறிய அளவு இறக்கம் இயல்பு. எல்லை கைநூலில் இருக்கும். அதற்கு மேல் போனால் சிலிண்டர் சீல், ஸ்பூலின் தேய்வு, துணை ரிலீஃப் வால்வு ஆகிய மூன்றில் ஒன்றுதான். கம்பி வெளிவரும் இடத்தில் ஒயில் வழிவதைப் பார்த்துவிட்டு வெளிச் சீலை மட்டும் மாற்றினால் இறக்கம் நிற்காது. பூமைத் தாங்குவது உள்ளே பிஸ்டனில் இருக்கும் சீல். எது என்று பிரித்தறியக் குழாயைக் கழற்றி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைப் பயிற்சி உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சூடானால் சோர்வது

காலையில் பலம், மதியத்தில் சோர்வு என்றால் ஒயில் சூட்டில் இளகி, தேய்ந்த இடைவெளிகளால் நழுவுகிறது. ஒயில் 50 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாவது வழக்கம். 90ஐத் தாண்டினால் சீல்களின் ஆயுள் விரைவாகக் குறையும். முதலில் குளிரூட்டியின் இதழ்களுக்கிடையில் அடைந்த மணலையும் தும்பையும் அகற்றுங்கள். மின்விசிறிப் பட்டி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஒயில் வகை. பல இயந்திரங்களுக்கு ஐஎஸ்ஓ விஜி 46 சொல்லப்படும். கைநூல் அனுமதித்தால் வெப்பமான இடத்தில் 68 பாவிக்கலாம். தாங்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேறு வகையை ஊற்றிக் கலப்பது நல்லதல்ல. இவை எல்லாம் சரியாக இருந்தும் சோர்வு தொடர்ந்தால் உள்தேய்வு என்ற சந்தேகம் வலுக்கிறது.

அளவுமானியும் வடியும்

பம்புக்குக் காசு கொடுக்க முன் இரண்டு சாட்சிகளைக் கேளுங்கள். முதலாவது அழுத்தமானி. பிரதான அழுத்தத்துக்கு 400 பார் வரை காட்டும் மானி, பைலட்டுக்கு 60 பார் வரை காட்டும் மானி. சோதனைத் துவாரத்தில் பூட்டி, ஒயில் சூடான நிலையில் அளந்து, கைநூலின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஜப்பானியக் கைநூல்கள் மெகாபாஸ்கலில் சொல்லும். 1 மெகாபாஸ்கல் 10 பாருக்குச் சமம். மானி இல்லாமல் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கி ‘பலம் கூட்டும்’ பழக்கம் மிக ஆபத்தானது. குழாய் வெடிக்கும், பம்ப் உடையும்.

இரண்டாவது சாட்சி பழைய வடி. எறியாமல் வெட்டித் திறந்து, காந்தத்தால் தடவிப் பாருங்கள். மஞ்சள் மினுக்கம் பம்பிலோ மோட்டாரிலோ உள்ள பித்தளை, வெண்கலப் பாகங்களிலிருந்து வரும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் சீலினுடையவை. வடி சுத்தமாகவும் அழுத்தம் சரியாகவும் இருந்தால், பம்ப் போய்விட்டது என்று சொல்பவரிடம் காரணத்தைக் காட்டச் சொல்லுங்கள். பம்ப் உண்மையிலேயே உடைந்திருந்தால், தாங்கி, குழாய்கள், குளிரூட்டி எல்லாவற்றையும் கழுவாமல் புதியதைப் பூட்ட வேண்டாம். பழையதன் உலோகத் தூள் புதியதையும் தின்றுவிடும்.

உப்பும் மணலும்

சோளகம் வீசும் மாதங்களில் மன்னாரின் கரைகளில் நின்றால் முகத்தில் உப்பும் மணலும் ஒன்றாக அறையும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாடிகளும் நம்பி நிற்பது இந்தக் காற்றைத்தான். ஹைட்ரோலிக் இயந்திரத்துக்கு அதே காற்று எதிரி. சிலிண்டர் கம்பியின் குரோம் பூச்சில் உப்பு சின்னக் குழிகளை ஏற்படுத்துகிறது. ஒவ்வோர் அசைவிலும் அந்தக் குழிகள் சீலை அறுக்கின்றன. குழாய்களின் இரும்பு முனைகள் துருப்பிடித்து, ரப்பருக்குள் இருக்கும் கம்பிவலை உக்குகிறது.

கடலோரத்திலும் உப்புத் தரவையிலும் வேலை செய்த அன்றே நன்னீரால் கழுவி, ஊசிகளுக்குக் கிறீஸ் அடியுங்கள். பல நாட்கள் நிறுத்துவதென்றால் கம்பிகளை இயன்றவரை உள்ளே சுருக்கி, வெளியே தெரியும் பகுதிக்கு மெல்லிய கிறீஸ் பூசுங்கள். மீண்டும் ஓட்ட முன் அதைத் துடைத்துவிடுங்கள். மணற்காற்றில் தாங்கி மூடியைத் திறக்க வேண்டாம். வீங்கிய, வெடித்த, முனை துருப்பிடித்த குழாயை வேலையில்லாத நாளிலேயே மாற்றுங்கள். வெள்ள நாளில் வெடித்தால் இயந்திரம் தண்ணீருக்குள் நின்றுவிடும்.

எங்கள் நிலத்தில் இன்னொரு காரணம்

ஹைட்ரோலிக் சீராக இருப்பது எங்களுக்குக் காசு விடயம் மட்டுமல்ல. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடம் அமையவிருந்த இடத்தில் தோண்டியபோது எலும்புகள் தெரியவந்தன. பின்னர் நடந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயிலும் நீர்க்குழாய்க்காகத் தோண்டியபோதே புதைகுழி தெரிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு, மண்ணை முதலில் பார்க்கும் கண் பெக்கோ சாரதியுடையது.

உதறி இழுக்கும் கை, நெம்பை விட்ட பிறகும் நழுவும் பக்கெற் ஆகியவற்றோடு அப்படியான நிலத்தில் தோண்டினால், கண்டதும் நிறுத்த முடியாது. எலும்போ உடைத் துண்டோ தெரிந்தால் பக்கெற்றை அசைக்காமல் நிறுத்துங்கள். வெளியே எடுத்த மண்ணை ஏற்றி அனுப்ப வேண்டாம். பொலிசாருக்கு அறிவியுங்கள், அடுத்த நடவடிக்கை நீதவானின் உத்தரவின்படி நடக்க வேண்டும். வெடிபொருள் போன்ற எதுவும் தெரிந்தால் இயந்திரத்தை விட்டு, வந்த தடத்திலேயே விலகுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் எவ்வளவு கூலி தந்தாலும் இறங்க வேண்டாம்.

பாவித்த ஜப்பானிய இயந்திரம் வாங்கப் போகிறவர்களும் இதே வரிசையைக் கையில் எடுத்துப் போகலாம். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திராத இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஒரு மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கி, அசைவுகளின் நேரத்தை இரண்டு தடவையும் எழுதி ஒப்பிடுங்கள். பத்து நிமிட இறக்கத்தை அளவுங்கள். கம்பிகளில் விரல் நகத்தை ஓட்டி, குழிகள் தட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் பூசிய குழாய் முனைகளைச் சுரண்டிப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் உள்ள ஸ்டிக்கர்களைத் தொலைபேசிக் கமெராவால் மொழிபெயர்க்கலாம்.

இயந்திரத்தோடு எப்போதும் இருக்கவேண்டியவை ஒரு கொப்பியும் ஒரு பேனாவும். ஒயில் மாற்றிய திகதி, எத்தனை மணித்தியாலம் ஓடியது, என்ன வகை, அசைவுகளின் நேரம், வடியில் கண்டது எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அடுத்த முறை யாராவது “பம்ப் போய்ட்டுது” என்று சொன்னால், அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கலாம்.